தருமபுரியில் ஒரு சிமுலேட்டர் வகுப்பு: கைக்கு 70 மதிப்பெண், காலுக்கு 20

42 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதென்று முடிவுசெய்து, தருமபுரி நகருக்குள் உள்ள ஒரு டிரைவிங் ஸ்கூலில் கோடை விடுமுறையில் சேர்ந்தேன். 20 நாள் வகுப்புக்குக் கட்டணம் 7,000 ரூபாய். அதற்கு மேல் 1,200 ரூபாய் செலுத்தினால், சாலையில் இறங்குவதற்கு முன்பாக அரை மணி நேரம் வீதம் ஆறு சிமுலேட்டர் வகுப்புகள் உண்டு என்றார்கள். “ஸ்டீயரிங் அசல் கார் மாதிரியே இழுக்கும் மேடம், ரோட்டுல போறப்ப பயம் இருக்காது” என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண் சொன்னதைக் கேட்டுத்தான் அந்தக் கூடுதல் தொகையைக் கட்டினேன். பாலக்கோடு பக்கத்து மேல்நிலைப் பள்ளியொன்றில் இயற்பியல் நடத்துபவள் என்பதால், எந்த விசை எங்கிருந்து இழுக்கிறது என்று பார்த்துவிடும் ஆசையும் சேர்ந்துகொண்டது. அந்த 1,200 ரூபாய் தகுமா என்பதைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன். ஊருக்குள் எல்லோரும் தெரிந்தவர்கள் என்பதால் பள்ளியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

சிமுலேட்டர் என்றவுடன் விமானிகள் ஏறி அமரும் பெரிய கூண்டு ஒன்று நினைவுக்கு வரலாம். இங்கே இருப்பது, பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய இருக்கை, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம், வரிசையாக மூன்று திரைகள், ஒரு ஸ்டீயரிங், கியர் கம்பி, மூன்று பெடல்கள், அவ்வளவுதான். ஸ்டீயரிங்கின் பின்புறம் செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டியை நோக்கி ஒரு மேசை மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மே மாத வெயிலில் அதை என் பக்கம் திருப்பிக்கொள்ளப் போனபோது, பயிற்சி கொடுக்கும் தம்பி பதறிப்போய், “அது மோட்டாருக்கு வெச்சதுங்க மேடம்” என்றார். அதன் காரணம் நான்காம் நாள்தான் புரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இத்தகைய ஸ்டீயரிங்குகளில் இரண்டு வகை உண்டு. மலிவானதன் உள்ளே சுருள்வில்லோ ரப்பர் பட்டையோ இருக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது நடுவுக்கு இழுக்கும். கார் நின்றிருந்தாலும் இழுக்கும், நூறு கிலோமீட்டர் வேகத்திலும் அதே அளவுதான் இழுக்கும். மற்றொரு வகையில் மோட்டார் இருக்கும். காரின் வேகம், சக்கரம் திரும்பியிருக்கும் கோணம், டயருக்குத் தரையின்மேல் உள்ள பிடி ஆகியவற்றைக் கணினி கணக்கிட்டு, ஓட்டுபவரின் கைக்கு இப்போது எவ்வளவு திருப்புவிசை போக வேண்டும் என்று அந்த மோட்டாருக்குக் கட்டளையிடும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று கடைகளில் சொல்வது இதைத்தான். தொடுவுணர்வையும் விசையையும் செயற்கையாக உண்டாக்கும் தொழில்நுட்பத்துக்கு ஹேப்டிக் என்பது பொதுப்பெயர். அதில் நமக்கு மிகவும் பழகியது கைப்பேசியின் அதிர்வு. கைப்பேசிக்குள் இருக்கும் சிறு மோட்டார் தோலைத்தான் எட்டுகிறது. ஸ்டீயரிங் மோட்டார் தோலைத் தாண்டித் தசையையும் தசைநாணையும் வேலை வாங்குகிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தாலும், முதலாவது நம்மைத் தட்டிக் கூப்பிடுவதைப் போன்றது. இரண்டாவது நம்மோடு கயிறு இழுப்பதைப் போன்றது.

இந்தப் பள்ளியில் இருப்பது மோட்டார் வகை என்பதை முதல் வகுப்பின் முதல் நிமிடத்திலேயே உணர முடிந்தது. திரையில் கார் நின்றிருந்தபோது ஸ்டீயரிங் கனமாக, சேற்றைக் கிளறுவதுபோல் மெதுவாகத் திரும்பியது. திருப்பிய இடத்திலேயே நின்றது. கார் நகரத் தொடங்கியதும் அந்தக் கனம் குறைந்து, நடுவை நோக்கிய இழுப்பு ஒன்று பிறந்தது. வேகம் கூடக்கூட அந்த இழுப்பும் கூடியது. வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால், உள்ளங்கைகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு தானாக நேரானது. அசல் காரில் இந்த வேலையைச் செய்வது டயர். முன்சக்கரம் திரும்பும் அச்சு சற்றே சாய்த்து வைக்கப்பட்டிருப்பதாலும், டயர் தரையைத் தொடும் பரப்பின் மையத்துக்குச் சற்றுப் பின்னால் பக்கவிசை செயல்படுவதாலும், வண்டி ஓடும்போது சக்கரம் எப்போதும் நேராகப் பார்க்கவே விரும்புகிறது. ஓட்டுபவரின் கையில் உணரப்படுவது அந்த விருப்பத்தின் எடைதான்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் மூன்றாம் நாள் வந்தது. மழை பெய்யும் சாலை ஒன்றைத் திரையில் வைத்து, வளைவில் வேண்டுமென்றே வேகமாகப் போகச் சொன்னார் அந்தத் தம்பி. வளைவின் பாதியில், அதுவரை கையை எதிர்த்துக்கொண்டிருந்த ஸ்டீயரிங் சட்டென்று லேசாகிவிட்டது. காட்சியில் கார் இன்னும் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு கணம் கழித்தே அது சாலையை விட்டு வெளியே சரிந்தது. டயர் தன் பிடியின் எல்லையை எட்டுவதற்குச் சற்று முன்பாகவே ஸ்டீயரிங்கை நேராக்கும் விசை குறைந்துவிடும் என்பதைப் படித்திருக்கிறேன். அதைக் கையால் அறிந்தது அன்றுதான். அசல் சாலையில் இதைப் பழகிப் பார்க்க யாரும் காரைக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. இந்தப் பாடத்தை மூன்று முறை திரும்ப வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் கட்டிய பணத்தில் பாதி இந்த ஒரு பாடத்துக்கே தகும் என்பது என் கணக்கு.

அதே நாளில் மின்சாரமும் போனது. இடப்பக்க வளைவில், இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இழுத்துப் பிடித்திருந்த நேரம். திரைகள் அணைந்ததை விட என்னைத் திடுக்கிட வைத்தது கையில் நடந்ததுதான்; எதிர்ப்பு முழுவதும் ஒரே நொடியில் மறைந்து, நான் இழுத்த வேகத்துக்கு ஸ்டீயரிங் சுழன்று போய் அதன் எல்லையில் முட்டி நின்றது. அறை இருட்டாக இருந்ததால் ஒன்றும் செய்யாமல் அதை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தேன். உள்ளே பல் சக்கரங்கள் உரசும் கரகரப்பு மட்டும் கேட்டது. கடந்த மூன்று நாட்களாகச் சாலை என்றும் டயர் என்றும் வேகம் என்றும் என் கை நம்பியது அத்தனையும் இந்தப் பிளாஸ்டிக் வளையத்துக்குப் பின்னால் ஓடிய மின்னோட்டம்தான் என்பது அறிவுக்குத் தெரிந்த செய்தியே. ஆனாலும் மின்சாரம் திரும்பி வந்து ஸ்டீயரிங் மறுபடி கனத்தபோது, கை மறுபேச்சின்றி மீண்டும் நம்பத் தொடங்கியது.

அந்த விசையின் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் விளையாடுவதற்கென விற்கப்படும் பல் சக்கர வகை ஸ்டீயரிங்குகள் ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தருபவை. 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில், அது விளிம்பில் ஒன்றரைக் கிலோ தக்காளிப் பையைத் தொங்கவிட்டதற்குச் சமம். மோட்டாரின் தண்டிலேயே வளையத்தை நேரடியாகப் பொருத்தும் விலை கூடிய வகைகளில் 8 நியூட்டன் மீட்டரும் அதற்கு மேலும் கிடைக்கும். பையின் எடை ஆறு கிலோவை நெருங்கிவிடும். இந்தப் பள்ளியின் ஸ்டீயரிங் முதல் வகையைச் சேர்ந்தது. கார் கற்றுக்கொள்ள அது போதும். பல் சக்கரம் என்பதால், நடுப்பகுதியில் மெல்லிய தளர்ச்சி ஒன்றும், வேகமாகத் திருப்பினால் நெல் மிஷினில் கல் விழுந்ததுபோல் ஓர் ஓசையும் உண்டு. நான் அவற்றைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாலை வகுப்பில் அசல் காரின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது இன்னொரு வேடிக்கை தெரிந்தது. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் மின்சார பவர் ஸ்டீயரிங் இருக்கிறது. நாம் திருப்பும்போது ஒரு மோட்டார் சேர்ந்து தள்ளுகிறது, எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை அங்கேயும் ஒரு கணினிதான் முடிவுசெய்கிறது. ஆகவே அசல் கார் என்று நாம் சொல்வதிலும் கைக்கு வரும் கனம் ஓரளவு சமைக்கப்பட்டதே. 2013இல் அறிமுகமான இன்ஃபினிட்டி க்யூ50 காரின் சில வகைகளில், வழக்கமான ஓட்டத்தில் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே மின்கம்பி வழியிலான தொடர்பு மட்டுமே இருந்தது. கைக்கு வரும் உணர்வு முழுவதையும் மோட்டாரே உண்டாக்கியது. சிமுலேட்டரைப் பொய் என்றும் காரை மெய் என்றும் பிரித்துவைத்திருந்த என் கோடு அங்கே கொஞ்சம் அழிந்தது. எங்கள் பயிற்சிக் காரை விட சிமுலேட்டரின் ஸ்டீயரிங் சற்று அதிகமாகவே பேசியது என்றும் சொல்வேன்.

கை வரையில் இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டேன். இனி உடம்புக்கு வருகிறேன்.

திரையில் வேகத்தடை ஒன்று வருகிறது. முன்சக்கரங்கள் ஏறி இறங்கும்போது ஸ்டீயரிங் ‘டக்’கென்று உதைக்கிறது. பின்சக்கரங்களுக்கான உதையை உடம்பு எதிர்பார்க்கிறது. அது வருவதே இல்லை. காரணம் எளிது: அசல் காரில் முன்சக்கரத்தின் செய்தி கைக்கும், பின்சக்கரத்தின் செய்தி இருக்கை வழியாக முதுகுக்கும் வருகிறது. இங்கே இருக்கை செத்த இருக்கை. ஆறு வகுப்புகளில் நான் கடந்த வேகத்தடைகள் எல்லாமே பாதி வேகத்தடைகள். போதாததற்கு, சாலைக் குழி, கருங்கல், பாலத்தின் இணைப்பு என்று எதன்மேல் ஏறினாலும் ஒரே வகை ‘டக்’தான். விரல்தோலுக்கு அடியில் ஆழத்தில் உள்ள பசினியன் எனப்படும் உணர்வு உறுப்புகள் நொடிக்கு 200 முதல் 300 முறை வரையிலான அதிர்வுகளை மிகக் கூர்மையாக உணர்பவை. கரடுமுரடான தார்ச்சாலையையும் வழுவழுப்பான கான்கிரீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறியக் கைக்கு உதவுவது இந்தக் கூர்மைதான். அந்த நுண்மையான அதிர்வுகளைக் கடத்த இந்தப் பல் சக்கரங்களால் இயலவில்லை. எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் 1929இல் உருவாக்கிய விமானப் பயிற்சிப் பெட்டியே, ஆர்கன் வாத்தியத்துக்குரிய காற்றுத் துருத்திகளைக் கொண்டு உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்துச் சாய்த்தது. இவ்வளவு காலம் கழித்து நம் ஊருக்கு வந்த இயந்திரத்தில் இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வு மோட்டாராவது வைத்திருக்கலாம்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது கிளட்ச்.

கிளட்சை அழுத்தினால் உள்ளே ஒரு சுருள்வில் சுருங்குகிறது. பெடல் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்பதை ஓர் உணரி கணினிக்குச் சொல்கிறது. செய்தி ஒரு திசையில்தான் போகிறது, காலுக்கு எதுவும் திரும்பி வருவதில்லை. அசல் காரில் பாதத்தை மெதுவாக மேலே விடும்போது, கிளட்ச் தட்டு என்ஜினோடு ஒட்டத் தொடங்கும் அந்த இடத்தில் பெடலில் ஒரு நடுக்கம் வருகிறது, என்ஜினின் குரல் தாழ்கிறது, வண்டியின் முகம் இலேசாக எழும்புகிறது. ஹாஃப் கிளட்ச் என்று எல்லா டிரைவிங் ஸ்கூல்களிலும் முதல் நாளிலிருந்து கத்திக் கற்றுக்கொடுக்கும் இடம் அதுதான். சிமுலேட்டரில் அந்த இடம் ஓர் உயரம் மட்டுமே. பெடலின் பாதியில் எங்கோ அது நிரந்தரமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆறு வகுப்புகளில் என் கால் அந்த உயரத்தைச் செய்யுள் போல் மனப்பாடம் செய்துவிட்டது. ஒருமுறைகூட வண்டி ஆஃப் ஆகாமல் எடுக்கத் தொடங்கினேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

சாலை வகுப்பின் முதல் நாள், பாரதிபுரம் பக்கம் ஒரு காலியான சாலையில் காரை என்னிடம் கொடுத்தார்கள். எத்தனையோ பேர் மிதித்துத் தேய்ந்த பயிற்சிக் காரின் கிளட்ச், பெடல் ஏறக்குறைய முழுவதும் மேலே வந்த பிறகுதான் பிடித்தது. நான் பழகிய பாதி உயரத்தில் காலை நிறுத்திக் காத்திருந்தேன். வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டரைக் கூட்டினேன், உறுமியது, நகரவில்லை. பொறுமையிழந்து காலை எடுத்தேன். துள்ளி விழுந்து ஆஃப் ஆனது. அன்று காலையில் மட்டும் ஏழு முறை. என்னோடு சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி சிமுலேட்டர் வகுப்புக்குப் பணம் கட்டாதவள். அவளுக்கு நான்கு முறைதான் ஆஃப் ஆனது. “பெடலைப் பார்க்காதீங்க மேடம், பாதத்துல உதறல் வர்ற வரைக்கும் வுடுங்க” என்று சாலைப் பயிற்சியாளர் சொன்னபோதுதான், உதறல் என்ற ஒன்றை எதிர்பார்க்க என் காலுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பது விளங்கியது. படித்ததை மறக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. விசையே தராத ஒரு பெடல், தவறான உயரத்தைச் சொல்லிக்கொடுக்கும் பெடலாகிவிடுகிறது என்பதே இந்தச் சேவையின்மீது நான் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு. கைப்பேசியில் இருப்பதைப் போன்ற, எடை ஒருபக்கம் சாய்ந்த சிறு மோட்டார் ஒன்றைப் பெடலின் அடியில் பொருத்தி, கிளட்ச் பிடிக்கும் இடத்தில் அதைச் சுழலவைத்தால் இந்தக் குறை பெருமளவு தீரும். பிரேக் பெடலில் இவ்வாறு அதிர்வு மோட்டார் வைத்தவை சந்தையில் உண்டு. குறைந்தபட்சம், பிடிக்கும் உயரத்தை ஒவ்வொரு வகுப்பிலும் மாற்றி வைக்கலாம். அதற்குக் காசே தேவையில்லை.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அசல் காரில் ஓர் அளவுக்குப் பிறகு பெடல் கீழே போகாது. எவ்வளவு அழுத்தம் தருகிறோமோ அவ்வளவு பிரேக் பிடிக்கும். இங்கே அழுத்தத்துக்குப் பதில் பெடல் போகும் தூரத்தையே அளக்கிறார்கள். மலைப்பாதை வகுப்பின்போது, “இதை நம்ம தொப்பூர் கணவாய்னு நினைச்சுக்குங்க” என்று சொல்லி ஓர் இறக்கச் சாலையை வைத்தார்கள். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போகும்போது தொப்பூரில் வருவது தொடர் இறக்கம். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கி, பிரேக்கை மட்டுமே நம்பி, அது சூடேறிக் கைவிட்ட லாரிகளின் கதை இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே கற்க வேண்டியது, குறைந்த கியரில் என்ஜின் வண்டியைப் பின்னுக்குப் பிடித்து இழுக்கும் உணர்வை. அந்த இழுப்பு மார்பில் தெரியும், சீட் பெல்ட்டில் தெரியும். இந்தச் செத்த இருக்கையில் தெரிய வழியே இல்லை. திரையில் இருந்த இறக்கத்தில் நான் நியூட்ரலில் போட்டுப் பார்த்தேன். வேகமானியின் எண் கூடியது, பிரேக் கடைசி வரை சலிக்காமல் பிடித்தது. ஆபத்தான ஒன்றை ஆபத்தில்லாததாக ஓர் இயந்திரம் காட்டுமானால், அந்தப் பாடத்தை நடத்தாமல் விடுவதே நல்லது. பின்னர் ஒரு நாள் என் கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அசல் தொப்பூரில் மூன்றாவது கியரில் இறங்கினேன். எங்களைத் தாண்டிச் சென்ற ஒரு கன்டெய்னர் லாரியின் காற்று காரை ஒருபக்கம் தள்ள, கைக்குள் ஸ்டீயரிங் ஒரு விரற்கடை அசைந்தது. அதற்கான பாடமும் அந்த ஆறு வகுப்புகளில் இல்லை.

மின்விசிறியின் கதைக்கு வருகிறேன். முதல் மூன்று நாட்களும் எனக்குக் காலை 6.30 மணி வகுப்பு. நான்காம் நாள் வீட்டு வேலையால் 9 மணி வகுப்புக்கு மாற்றிக்கொண்டேன்; எனக்கு முன்னால் ஐந்து பேர் முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஸ்டீயரிங் வேறொரு ஸ்டீயரிங்காக இருந்தது. இழுப்பு தளர்ந்து, முன்னர் ஒன்றரைக் கிலோவாக இருந்த பை அரைக் கிலோ போல் தோன்றியது. கறுப்புப் பெட்டியின்மேல் கை வைத்தால் சுட்டது. தொடர்ந்து மின்னோட்டம் பாயும்போது மோட்டார் சூடேறுகிறது. சூடேறிய மோட்டார் அதே விசையைத் தருவதில்லை. கட்டணம் மட்டும் எல்லா நேரத்துக்கும் ஒன்றே. இதைச் சொன்னபோது, இரண்டு வகுப்புகளுக்கு நடுவே பத்து நிமிட இடைவெளி விடுவதாக ஒப்புக்கொண்டார்கள். நான் போய்க்கொண்டிருந்த வரையில் அது நடக்கவில்லை. பயிற்சி கொடுக்கும் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். மழைச் சாலைப் பாடத்தைப் போல் எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் மறுபடி வைத்தார். வயதில் மூத்த பெண்கள் தயங்கும்போது திரையைப் பார்க்காமல் கையைப் பார்க்கச் சொன்னார், அது நல்ல யோசனை.

2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதிகள், அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் சிமுலேட்டரும் தனிப் பயிற்சித் தடமும் இருக்க வேண்டும் என்கின்றன. இலகுரக வாகனத்துக்கு 29 மணி நேரப் பயிற்சி, அதில் 21 மணி நேரம் செய்முறை. நான் சேர்ந்தது அத்தகைய மையம் அன்று, சாதாரண டிரைவிங் ஸ்கூல். விளம்பரத்துக்காக வாங்கியிருந்தாலும், ஸ்பிரிங் வகையை வாங்கி ஏமாற்றாமல் மோட்டார் வகையை வாங்கியிருக்கிறார்கள் என்பதைப் பாராட்டத்தான் வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் நீங்களே சோதித்துக்கொள்ளலாம். திரையில் கார் நிற்கும்போது ஸ்டீயரிங்கைப் பாதி திருப்பி விட்டுவிடுங்கள். தானாக நடுவுக்கு ஓடி வந்தால் அது வெறும் ஸ்பிரிங்; அந்த வகுப்புக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். திருப்பிய இடத்தில் நின்று, கார் ஓடத் தொடங்கிய பிறகு மட்டும் நேரானால் கட்டலாம். ஸ்கூட்டர்கூட ஓட்டியிராதவர்களுக்கும், சாலை என்றாலே கை நடுங்குபவர்களுக்கும் முதல் மூன்று வகுப்புகள் உண்மையிலேயே பயன்படும்; நான்கு, ஐந்து, ஆறு ஆகியவை கிளட்சையும் பிரேக்கையும் பற்றியவை என்பதால், பாதிக் கட்டணத்தில் மூன்றோடு நிறுத்திக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எனக்குப் பிறகு சேர்ந்த சக ஆசிரியை ஒருவருக்கு 600 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார்கள். நேரம் கேட்கும்போது காலை 6.30 மணியை விடாதீர்கள். மோட்டார் குளிர்ந்திருக்கும்; அந்த ஒரு வகுப்பிலாவது மின்விசிறியை நம் பக்கம் திருப்பிக்கொள்ளக் கேட்டுப் பாருங்கள்.